ஜப்பானிய நிர்வாக முறை: இந்தியா ஏற்றதும் ஏற்க மறந்ததும்

புது தில்லி: தொழிலாளர் தொடர்பான 29 மத்தியச் சட்டங்களுக்கு மாற்றாக இயற்றப்பட்ட 4 சட்டத் தொகுப்புகள், 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. மறுபுறம், மும்பை - ஆமதாபாத் இடையே ஜப்பானின் கடனுதவியுடன் 508 கி.மீ. நீள அதிவேக ரயில் பாதை உருவாகி வருகிறது. தொழிலாளர் நல அமைச்சகத்தின் கோப்புக்கும் ரயில்வே அமைச்சகத்தின் கோப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டிலும் அடங்கியிருக்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு நாட்டில், ஒரு பண்பாட்டில் உருவான நிர்வாக அறிவை இன்னொரு நாட்டின் நிறுவனத்துக்குக் கொண்டு வரும்போது எது வேர்விடுகிறது, எது பட்டுப்போகிறது, அதற்கான விலையைக் கொடுப்பவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. தலைநகர் தில்லியையும் அதை ஒட்டியுள்ள ஹரியாணா மாநிலத் தொழிற்பேட்டைகளையும் பார்த்தாலே போதும். நான்கு தசாப்த கால அனுபவம் அங்கே கண்முன் கிடக்கிறது.

முந்தைய முயற்சிகள்: நாடு விடுதலை பெற்ற முதல் 20 ஆண்டுகளில் அந்நிய நாடுகளின் தொழில்நுட்பம் இங்கே தாராளமாகவே வந்தது. பிலாய் உருக்காலைக்கு சோவியத் யூனியனும், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனியும், துர்காப்பூருக்கு பிரிட்டனும் கை கொடுத்தன. 1955-இல் தொடங்கப்பட்ட சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்து நாட்டு நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் உருவானது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலைக்கு செக்கோஸ்லோவாகியா உதவியது. நிர்வாகப் பயிற்சிக்காகவே 1961-இல் கோல்கத்தாவிலும் ஆமதாபாதிலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கப்பட்டன. முதலாவதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், இரண்டாவதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியும் வழிகாட்டின.

இயந்திரத்தை இயக்கும் அறிவு இவற்றால் வந்து சேர்ந்தது. ஆனால் ஆலைகளின் அன்றாட நிர்வாகம் அரசுத் துறைகளின் மரபிலேயே நீடித்தது. கோப்பு நகர்ந்தால்தான் வேலை நகரும். அதிகாரிக்குத் தனி அறை, தனி உணவு மேசை. தொழிலாளிக்கு வேறு வாசல். தொழில்நுட்பம் ரஷியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தாலும், மனிதரை மனிதர் நடத்தும் விதம் உள்ளூர் விதமாகவே இருந்தது.

மாருதியில் தொடக்கம்: இந்த மரபை மாற்ற வேண்டும் என்ற நோக்கத்துடனேயே வேறொரு நாட்டு நிறுவனத்துடன் கூட்டு சேர்ந்த முதல் பெரிய அரசு நிறுவனம் மாருதி உத்யோக் என்று சொல்லலாம். சஞ்சய் காந்தி தொடங்கி நொடித்துப்போன மாருதி நிறுவனத்தை அரசுடைமையாக்கும் சட்டத்தை 1980-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் பதிவு செய்யப்பட்டது. மறைந்த ஒருவரின் கனவுக்கு மக்கள் பணத்தைச் செலவிடலாமா என்ற விமர்சனம் அப்போது பலமாகவே எழுந்தது.

அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் தமிழகத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. பெல் நிறுவனத்தின் திருச்சி ஆலையிலும் பின்னர் அந்நிறுவனத்தின் தலைவராகவும் பணியாற்றி, பொதுத்துறையின் பலத்தையும் பலவீனத்தையும் உள்ளிருந்து அறிந்தவர். அவருக்குத் துணையாக வந்தவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியான ஆர்.சி. பார்கவா. பல நாட்டு கார் நிறுவனங்களுடன் பேசிய பிறகு, ஜப்பானில்கூட முதல் வரிசையில் இல்லாத சுஸுகி நிறுவனத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். சிறிய கார் தயாரிப்பில் அந்நிறுவனத்துக்கு இருந்த தேர்ச்சி ஒரு காரணம். அதன் தலைவர் ஒசாமு சுஸுகியே நேரில் பேச்சு நடத்தியது இன்னொரு காரணம். 1982 அக்டோபர் 2-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. சுஸுகிக்கு 26 சதவீதப் பங்கு. 14 மாதங்களில், 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார்.

குர்காவ்ன் ஆலையில் ஜப்பானியர் வலியுறுத்தியவை, பார்வைக்கு மிகச் சாதாரணமானவை. தலைவர் முதல் கடைநிலைத் தொழிலாளி வரை ஒரே சீருடை. அனைவருக்கும் ஒரே கேண்டீன், ஒரே வரிசை. அதிகாரிகளுக்குத் தனி அறை கிடையாது. ஷிஃப்ட் தொடங்கும் முன் சில நிமிட உடற்பயிற்சி. வேலை செய்யும் இடத்தை அவரவரே சுத்தம் செய்ய வேண்டும். குறையைக் கண்டவர் மேலதிகாரிக்காகக் காத்திராமல் யோசனை எழுதித் தரலாம்.

இந்தியச் சூழலில் இவை சாதாரணமானவை அல்ல. துடைப்பத்தைத் தொடுவது யார் வேலை என்பதை இங்கே பதவி தீர்மானிப்பதற்கு முன்பே சாதி தீர்மானித்து விடுகிறது. பட்டம் பெற்ற பொறியாளர் கையில் எண்ணெய்க் கறை படிவதைக் கௌரவக் குறைவாகக் கருதும் வழக்கமும் உண்டு. ஜப்பானுக்குப் பயிற்சிக்குச் சென்ற மாருதி பொறியாளர்கள், அங்கே மூத்த பொறியாளர்களும் இயந்திரத்தின் அருகிலேயே நின்று வேலை பார்ப்பதைக் கண்டனர். ஓர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்க முடியாத அறிவு இது. ஜப்பானிய மேலாண்மை அறிஞர் இகுஜிரோ நொனாகா, எழுத்தில் அடங்கும் அறிவு, எழுத்தில் அடங்காத அனுபவ அறிவு என்று இரண்டாகப் பிரித்து விளக்கியது இதைத்தான். முன்னதைத் தபாலில் அனுப்பலாம். பின்னதை அருகில் இருந்துதான் கற்க வேண்டும்.

வெற்றிக்கான காரணங்கள்: மாருதியில் இந்த முறை முதல் பத்தாண்டுகளில் ஓரளவு வேரூன்றியதற்குப் பண்பாட்டைக் கடந்த காரணங்களும் இருந்தன. ஆலை புதியது. தொழிலாளர்கள் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள். மறக்க வேண்டிய பழைய பழக்கம் எதுவும் அவர்களிடம் இல்லை. உற்பத்தி உயர்ந்தால் ஊக்கத்தொகையும் உயர்ந்தது. கார் வாங்க மக்கள் பணம் கட்டிக் காத்திருந்த காலம் அது. ஆகவே விற்பனை குறித்த நெருக்கடி இல்லை. அனைத்துக்கும் மேலாக, பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருந்தது. ஜப்பானியக் கண்டிப்புக்கும் இந்தியத் தொழிலாளிக்கும் நடுவே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைச்சகம் இருந்தது.

ஆனால் அந்த அமைச்சகமே பின்னர் சிக்கலுக்கும் காரணமானது. 1992-இல் சுஸுகியின் பங்கு 50 சதவீதமாக உயர்ந்தது. 1997-இல், ஐக்கிய முன்னணி அரசில் தொழில்துறை அமைச்சராக இருந்த முரசொலி மாறன் காலத்தில், ஆர்.எஸ்.எஸ்.எல்.என். பாஸ்கருடுவை மாருதியின் நிர்வாக இயக்குநராக அரசு நியமித்தது. சுஸுகி இதை ஏற்கவில்லை. விவகாரம் சர்வதேச நடுவர் மன்றம் வரை சென்றது. சம பங்குதாரரைக் கலந்துகொள்ளாமல் தலைமையை நியமிக்கலாமா என்பது சுஸுகியின் வாதம். நியமன உரிமை தனது முறைக்கு உரியது என்பது அரசின் வாதம். 1998-இல் வாஜ்பாய் அரசு பதவியேற்ற பிறகு, பாஸ்கருடுவின் பதவிக்காலத்தைக் குறைத்து, அடுத்து ஜகதீஷ் கட்டார் பொறுப்பேற்பது என்ற சமரசம் ஏற்பட்டது.

இரு தரப்பும் சட்டத்தை மேற்கோள் காட்டின. ஆனால் மோதிக்கொண்டவை இரண்டு பழக்கங்கள். முடிவெடுப்பதற்கு முன் சம்பந்தப்பட்ட அனைவரிடமும் பேசி இசைவு பெறுவது ஜப்பானிய நிறுவனங்களின் வழக்கம். முடிவெடுத்து ஆணை பிறப்பித்து, எதிர்ப்பு வந்தால் பேசுவது இந்திய அமைச்சகங்களின் வழக்கம். 15 ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும், பணிக்கூடத்தில் தொழிலாளர்கள் கற்ற பாடத்தை உத்யோக் பவன் கற்கவில்லை.

அரசு விலகிய பின்: 2002-இல் சுஸுகியின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டியது. 2003-இல் அரசின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 2007-இல் எஞ்சிய பங்குகளையும் விற்று அரசு முழுமையாக வெளியேறியது. நிறுவனத்தின் பெயரும் மாருதி சுஸுகி இந்தியா என மாறியது. இந்தப் பங்கு விலக்கல் குறித்து நாடாளுமன்றத்தில் நடந்த விவாதங்கள் பெரும்பாலும் விலையைச் சுற்றியே அமைந்தன. அரசுக்கு எவ்வளவு கிடைத்தது, இன்னும் அதிகம் கிடைத்திருக்குமா என்பதே பேச்சு. அரசு விலகினால் ஆலைக்குள் நிலவிய சமநிலை என்னவாகும் என்பது உரிய கவனத்தைப் பெறவில்லை.

அந்தச் சமநிலை ஏற்கெனவே ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. 2000 அக்டோபரில் ஊக்கத்தொகைத் திட்டம் குறித்த தகராறு முற்றி, ஏறத்தாழ 3 மாதங்கள் ஆலையை உலுக்கியது. நன்னடத்தை உறுதிமொழியில் கையெழுத்திட்டால்தான் உள்ளே வரலாம் என்று நிர்வாகம் கூறியது. அதன் பிறகு விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தன. நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை கூடியது.

இது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய நிலைமை அல்ல. 2005 ஜூலை 25-ஆம் தேதி, ஹோண்டா மோட்டார் சைக்கிள் ஆலைத் தொழிலாளர்கள் மீது குர்காவ்னில் போலீஸார் நடத்திய தடியடி, தொலைக்காட்சிகள் மூலம் நாடெங்கும் காணப்பட்டது. நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய நாள் அது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசை வெளியிலிருந்து ஆதரித்து வந்த இடதுசாரிக் கட்சிகள் இப் பிரச்னையைக் கடுமையாக எழுப்பின.

மானேசரில் மாருதி சுஸுகியின் புதிய ஆலையில் 2011 ஜூனில் தொழிலாளர்கள் 13 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தனிச் சங்கம் அமைக்கும் உரிமையே முதன்மைக் கோரிக்கை. தேநீர் இடைவேளை 7 நிமிடம்தான் என்பதும், ஒரே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் இடையே ஊதியத்தில் பெரும் இடைவெளி என்பதும் அவர்களின் குறைகள். அந்த ஆண்டிலேயே நன்னடத்தைப் பத்திரமும் மேலும் ஒரு வேலைநிறுத்தமும் தொடர்ந்தன. 2012 ஜூலை 18-ஆம் தேதி வன்முறை வெடித்தது. மனிதவளப் பிரிவின் பொது மேலாளர் உயிரிழந்தார். பலர் காயமடைந்தனர். ஆலை சுமார் ஒரு மாத காலம் மூடிக் கிடந்தது. வழக்கில் 148 தொழிலாளர்கள் விசாரணையை எதிர்கொண்டனர். 2017 மார்ச்சில் குர்காவ்ன் நீதிமன்றம் 31 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்து, 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 117 பேர் விடுவிக்கப்பட்டனர். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர்கள்.

ஓர் அதிகாரியின் உயிரைப் பறித்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. அதே நேரத்தில், ஒரே சீருடை, ஒரே கேண்டீன் என்று தொடங்கிய ஒரு நிர்வாக முறை, 30 ஆண்டுகளில் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்வியை நீதிமன்றத் தீர்ப்பு தீர்த்துவிடவில்லை.

பாதி மட்டும் வந்தது: ஜப்பானிய முறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒழுங்கு, நேரந்தவறாமை, வீணடிப்பைத் தவிர்த்தல் ஆகியவற்றையே குறிப்பிடுவர். போருக்குப் பிந்தைய ஜப்பானின் பெரிய ஆலைகளில் அந்த ஒழுங்கு வெறுமனே வந்துவிடவில்லை. ஓய்வு பெறும் வரை வேலை உறுதி, பணிமூப்புக்கேற்ற ஊதிய உயர்வு, நிறுவனத்துக்குள்ளேயே இயங்கும் சங்கத்துடன் கலந்து பேசுதல் ஆகிய மூன்று தூண்களின் மீது அது நின்றது. 1950-களில் ஜப்பானிய ஆலைகளிலும் கடுமையான வேலைநிறுத்தங்கள் நடந்தன. அந்த மோதல்களுக்குப் பின் உருவான உடன்பாடே பின்னாளில் ஜப்பானியப் பண்பாடு என்று உலகத்துக்கு அறிமுகமானது. யோசனை சொல்லித் தன் வேலையைத் தானே எளிதாக்கும் தொழிலாளி, அதனால் தன் வேலையே போய்விடாது என்று நம்பினார். குறை கண்டால் உற்பத்தி வரிசையையே நிறுத்தும் அதிகாரம் டொயோட்டா தொழிலாளிக்கு அளிக்கப்பட்டதும் இந்த நம்பிக்கையின் அடிப்படையில்தான்.

இந்தியாவுக்கு வந்தபோது நொடிக் கணக்கில் அளக்கப்படும் வேலை வேகம் முழுமையாக வந்தது. வேலை உறுதி பாதி வழியில் நின்றுவிட்டது. ஏழு மாதத்திலோ ஓராண்டிலோ வெளியேற வேண்டிய ஒருவரிடம் நிறுவனத்தைத் தன் குடும்பமாகக் கருதும்படி எதிர்பார்ப்பது பண்பாட்டு வேறுபாடு அல்ல, கணக்கு வேறுபாடு. இதில் ஜப்பானிய நிர்வாகத்தை மட்டும் குறை கூறுவதும் சரியாகாது. ஒப்பந்த முறையைப் பெருக்கியது அதற்கு இடம் கொடுத்த இந்தியத் தொழில் சூழலும்தான். ஜப்பானிலேயே இன்று மொத்தப் பணியாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் நிரந்தரமற்றவர்கள் என்பதையும் மறந்துவிட இயலாது.

புதிய சட்டத் தொகுப்புகள் இந்த இடத்தில்தான் முக்கியத்துவம் பெறுகின்றன. 2020 செப்டம்பரில், மாநிலங்களவையை எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த வேளையில் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்பு, குறிப்பிட்ட கால வேலை நியமனத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்கிறது. அத்தகைய பணியாளருக்கு நிரந்தரத் தொழிலாளிக்கு இணையான ஊதியம், ஓராண்டுப் பணிக்குப் பின் பணிக்கொடை ஆகியவற்றுக்கும் வழி செய்கிறது. அரசின் முன்னனுமதியின்றி ஆள்குறைப்பு செய்யக்கூடிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துள்ளது. 51 சதவீதத் தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சு நடத்தும் தனிச் சங்கம் ஆகும். சம ஊதியம் என்ற பகுதி உண்மையாக நடைமுறைக்கு வந்தால், மானேசரின் முக்கியக் குறைகளில் ஒன்றுக்குத் தீர்வு கிடைக்கும். அது ஏட்டில் நின்று, எளிதாக வெளியேற்றும் பகுதி மட்டும் நடைமுறைக்கு வந்தால், பாதி மட்டும் இறக்குமதி செய்யும் பழைய கதை சட்டத்தின் துணையோடு தொடரும்.

தில்லி மெட்ரோவின் பாடம்: இதற்கு மாறான அனுபவமும் தலைநகரிலேயே உண்டு. மத்திய அரசும் தில்லி அரசும் சம பங்குடன் 1995-இல் தொடங்கிய தில்லி மெட்ரோ ரயில் நிறுவனம், முதல் கட்டச் செலவில் ஏறத்தாழ 60 சதவீதத்தை ஜப்பானியக் கடனாகப் பெற்றது. 2002 டிசம்பர் 24-ஆம் தேதி ஷாதரா - தீஸ் ஹஜாரி இடையே முதல் ரயிலைப் பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்தார். சுமார் 65 கி.மீ. நீள முதல் கட்டம் 2006-இல் முடிந்தது. காலக்கெடுவைத் தாண்டுவதே வழக்கமாகிவிட்ட பொதுத்துறைத் திட்டங்களுக்கு நடுவே இது அதிசயமாகவே கருதப்பட்டது.

கடனோடு ஜப்பானிய ஆலோசகர்களும் வந்தனர். கட்டுமான இடத்தில் தலைக்கவசமும் காலணியும் இன்றி யாரும் நுழையக் கூடாது, கூட்டத்துக்குக் குறித்த நேரத்தில் வர வேண்டும், சாலைப் போக்குவரத்துக்கு இடையூறு நேராதபடி தடுப்பு அமைத்து வேலை செய்ய வேண்டும் என்பன அவர்கள் வலியுறுத்தியவை. தில்லியின் கட்டடத் தொழிலாளர்கள் வெறுங்காலுடன் சாரம் ஏறிய காலம் அது. ரயிலை இயக்கும் பயிற்சிக்கு ஊழியர்கள் ஹாங்காங் அனுப்பப்பட்டனர். பெட்டிகள் கொரிய நிறுவனத்திடமிருந்து வந்து, பின்னர் பெங்களூரின் பி.இ.எம்.எல். ஆலையில் தயாராயின. எவரிடம் எது சிறப்போ அதை எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் நிறுவனத்துக்கு இருந்தது.

அதைச் சாத்தியமாக்கியது தலைமை. கொங்கண் ரயில்வேயை முடித்துவிட்டு வந்த இ. ஸ்ரீதரன், 1997 முதல் 2011 இறுதி வரை 14 ஆண்டுகள் ஒரே பொறுப்பில் நீடித்தார். ஒப்பந்தப் புள்ளியிலும் பணி நியமனத்திலும் அமைச்சர்களின் குறுக்கீடு இல்லை. மீதமுள்ள நாள்களைக் காட்டும் கடிகாரங்களைப் பணியிடங்களில் மாட்டி வைத்தது அவரது சொந்த முறை. 2009 ஜூலை 12-ஆம் தேதி ஜம்ருத்பூரில் கட்டுமானப் பாலம் இடிந்து 6 பேர் உயிரிழந்தபோது, தார்மிகப் பொறுப்பேற்று அவர் ராஜிநாமா கடிதம் அளித்தார். முதல்வர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. பொறுப்பேற்பது ஜப்பானியரிடம் கற்க வேண்டிய பண்பு என்று நினைப்போர், 1956-இல் அரியலூர் ரயில் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நினைவுகூர வேண்டும். இந்த மண்ணில் இருந்து மறக்கப்பட்ட மரபு அது.

கற்றுக்கொண்ட நிறுவனம் பின்னர் கற்பிக்கும் நிறுவனமாகவும் மாறியது. சென்னை மெட்ரோவின் முதல் கட்ட விரிவான திட்ட அறிக்கையைத் தயாரித்தது தில்லி மெட்ரோதான். டாக்காவிலும் ஜகார்த்தாவிலும் மெட்ரோ திட்டங்களில் ஆலோசனைக் குழுக்களில் அது பங்கேற்றது. பெற்ற அறிவு தன்னுடையதாகிவிட்டது என்பதற்கு, அதைப் பிறருக்குக் கொடுக்க முடிவதை விடச் சிறந்த சான்று இருக்க முடியாது.

ஊர் சுற்றிய அறிவு: உண்மையில் இந்த அறிவுக்கு ஒரே தாயகம் என்று எதுவும் இல்லை. தரக் கட்டுப்பாட்டுக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் முறையை 1950-இல் ஜப்பானியருக்குக் கற்பித்தவர் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கர். சொந்த நாடு அதிகம் பொருட்படுத்தாத அவரது பெயரில் 1951-இல் ஜப்பான் ஒரு பரிசையே நிறுவியது. அந்தப் பரிசை 1998-இல் பெற்ற முதல் இந்திய நிறுவனம் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன். 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. தொடர்ந்து சென்னையைச் சுற்றியுள்ள வாகன உதிரிபாக நிறுவனங்கள் பலவும் பெற்றன. இவை ஜப்பானியரின் உடைமைகள் அல்ல. ஜப்பானியப் பேராசிரியர்களை ஆண்டுதோறும் வரவழைத்து, அவர்கள் சொன்ன குறைகளைத் திருத்தி, அடுத்த ஆண்டு மீண்டும் தேர்வெழுதுவது போலக் கற்ற இந்திய நிறுவனங்கள்.

மத்திய அரசும் இதைக் கவனித்தது. 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பான் சென்றபோது ஏற்பட்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, உற்பத்தித் துறைத் தலைவர்களுக்கான பயிற்சித் திட்டம் 2007-இல் தொடங்கியது. அதை வழிநடத்திய பேராசிரியர் ஷோஜி ஷிபாவுக்கு 2012-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இத் திட்டத்தின் பின்னணியில் இருந்த தேசிய உற்பத்தித் துறைப் போட்டித்திறன் குழுவின் தலைவர், மாருதியைத் தொடங்கிய அதே வி. கிருஷ்ணமூர்த்தி என்பது குறிப்பிடத்தக்கது.

2016 நவம்பரில் பிரதமர் மோடியின் ஜப்பான் பயணத்தின்போது, 10 ஆண்டுகளில் 30 ஆயிரம் பேருக்குப் பயிற்சி அளிப்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. 2017-இல் தொடங்கிய முதல் நான்கு பயிற்சி நிலையங்களில் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் யமஹா நிறுவனத்தால் அமைக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டுக் கெடு 2026-உடன் முடிகிறது. பயிற்சி பெற்றவர்கள் நிரந்தர வேலையில் அமர்ந்தார்களா, ஒப்பந்தத் தொழிலாளர் வரிசையில் சேர்ந்தார்களா என்பது நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அதிவேக ரயில்: மும்பை - ஆமதாபாத் திட்டத்துக்கு 2017 செப்டம்பர் 14-ஆம் தேதி பிரதமர்கள் மோடியும் ஷின்ஸோ அபேயும் அடிக்கல் நாட்டினர். அப்போதைய மதிப்பீடு ரூ. 1.08 லட்சம் கோடி. அதில் 81 சதவீதம், 0.1 சதவீத வட்டியில் 50 ஆண்டு ஜப்பானியக் கடன். நிலம் கையகப்படுத்தலில் ஏற்பட்ட தாமதம், செலவு உயர்வு, ஜப்பானிய ரயிலா, உள்நாட்டு ரயிலா என்பன குறித்தே இதுவரை விவாதம் நடந்துள்ளது. மணிக்கு 280 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்படும் இரு ரயில்களைத் தயாரிக்க, சென்னை ஐ.சி.எஃப். 2024 அக்டோபரில் பி.இ.எம்.எல். நிறுவனத்துக்கு ஆணை வழங்கியது.

ஆனால் ஷிங்கான்சென் ரயிலின் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. 1964-இல் தொடங்கியதிலிருந்து ரயில் மோதலாலோ தடம் புரண்டதாலோ பயணி ஒருவர்கூட உயிரிழக்கவில்லை என்பதே அதன் உண்மையான சாதனை. சிறு பிழையையும் மறைக்காமல் பதிவு செய்து, காரணம் கண்டு, வழியெங்கும் திருத்தும் பழக்கமே அதற்கு அடிப்படை. தண்டவாளம் பதிக்கும் முறையில் இந்தியப் பொறியாளர்களுக்கு ஜப்பானிய நிபுணர்கள் பயிற்சி அளித்து வருகின்றனர். அது தேவையானதே. ஆயினும் மேற்சொன்ன பழக்கம் இந்திய ரயில்வேயின் எஞ்சிய பாதைகளுக்கும் வருமா என்பதே பெரிய கேள்வி.

2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிஸாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் இணைப்புப் பணியில் நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டறிந்தது. அதே கரக்பூர் கோட்டத்தில் 2022-இல் இத்தகைய தவறான இணைப்பு ஒன்று வெளிப்பட்டபோதே சீர்செய்யும் நடவடிக்கை எடுத்திருந்தால் இவ்விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அந்த அறிக்கை கூறியது. ஒரு கோட்டத்துக்குள்ளேயே ஒரு நிலையத்தின் பாடம் அடுத்த நிலையத்தைச் சென்றடையவில்லை. டோக்கியோவிலிருந்து மும்பைக்கு அறிவைக் கொண்டுவருவதை விட, கரக்பூர் கோட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டு செல்வது கடினமாக இருந்திருக்கிறது.

நாடாளுமன்றம் கேட்க வேண்டியவை: வெளிநாடுகளுடன் அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. பின்னர் தணிக்கைத் துறையும் நிலைக்குழுக்களும் செலவையும் தாமதத்தையும் ஆராய்கின்றன. உள்நாட்டு உதிரிபாகம் எத்தனை சதவீதம் என்று கேட்கப்படுகிறது. பயிற்சி பெற்ற அதிகாரிகளில் எத்தனை பேர் அதே பணியில் நீடிக்கிறார்கள், எத்தனை பேர் இரண்டே ஆண்டுகளில் வேறு துறைக்கு மாற்றப்பட்டார்கள் என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. பிழையைச் சுட்டிக்காட்டும் கடைநிலை ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டா, ஆலைக்குள் ஒப்பந்தத் தொழிலாளியின் யோசனைக்கு மதிப்பு உண்டா என்பதும் அவ்வாறே.

மாருதி, மெட்ரோ, பாடி ஆலை ஆகிய மூன்றின் அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகிறது. தலைமை நிலைத்து நின்ற இடத்தில், கீழே இருப்பவருக்குச் சொல்லும் உரிமையும் இருக்கும் உறுதியும் கிடைத்த இடத்தில், அந்நிய அறிவு உள்ளூர் அறிவாக மாறியது. வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உறுதியை விட்டுவிட்ட இடத்தில் அது கண்காணிப்பாகச் சுருங்கி, மோதலாக வெடித்தது. ஒசாமு சுஸுகி 2024 டிசம்பரில் காலமானார். மறைவுக்குப் பின், 2025-இல் அவருக்குப் பத்மவிபூஷண் விருதை அறிவித்து நாடு நன்றி தெரிவித்தது. அவர் கொண்டுவந்த முறையின் மறுபாதியை மானேசரின் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கரக்பூர் கோட்டத்தின் சிக்னல் ஊழியருக்கும் கொண்டு சேர்ப்பது, சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தப் போகும் மத்திய, மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. அதற்குத் தேவையான விதிகளை எப்படி எழுதுகிறார்கள், அவற்றை யார் கண்காணிக்கிறார்கள் என்பதே இனி கவனிக்க வேண்டியது.